சர்டிபிகேட் மட்டும் போதுமா?



வீட்டுப் பெரியவர்களுக்குக் கால் கட்டைவிரல் வீங்கி வலித்தால், டாக்டர் உடனே யூரிக் ஆசிட் டெஸ்ட் எழுதித் தருவார். அதே யூரிக் ஆசிட் நாயையும் படுத்தும் என்றால் நம்புவீர்களா?

பெரும்பாலான நாய்களுக்கு அந்தக் கவலை இல்லை. அவற்றின் ஈரல் அதைத் தண்ணீரில் எளிதில் கரையும் பொருளாக மாற்றிவிடும். கறுப்புப் புள்ளி போட்ட டால்மேஷனுக்கோ அந்த வேலை சரியாக நடப்பதில்லை. யூரிக் ஆசிட் சிறுநீரில் இறங்கிக் கல்லாகலாம். ஆண் நாய் என்றால் அந்தக் கல் பாதையையே அடைத்துக்கொள்ளலாம். காலைத் தூக்கியபடி வெகுநேரம் நிற்கும். ஒரு சொட்டுகூட வராது.

காரணம் ஒரே ஒரு ஜீன். அழகை மட்டும் பார்த்து, உறவுக்குள்ளேயே ஜோடி சேர்த்துக்கொண்டு போனதில், அந்த ஜீனின் நல்ல வடிவம் இனத்திலிருந்தே காணாமல் போய்விட்டது.

அமெரிக்க மரபியலாளர் ராபர்ட் ஷைபிள் 1973இல் ஒரு டால்மேஷனைப் பாயின்டர் இன நாயோடு ஒரே ஒரு முறை சேர்த்தார். பிறந்த குட்டிகளில் யூரிக் ஆசிட் குறைவாக இருந்தவற்றைப் பொறுக்கியெடுத்து, தலைமுறை தலைமுறையாக டால்மேஷனோடே சேர்த்து வந்தார். 1981இல், சுத்த ஜாதி நாய்களைப் பதிவு செய்யும் அமெரிக்கன் கென்னல் கிளப் அந்த வழியில் வந்த இரண்டு நாய்களைப் பதிவு செய்தது. டால்மேஷன் வளர்ப்பவர்கள் பலர் கொதித்துப்போனார்கள். பதிவு நின்றது.

கல் அடைத்துத் தவிக்கிற நாய் சுத்த ஜாதி. நோயில்லாத நாய் கலப்பு! இது என்ன நியாயம்?

2008இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் டானிகா பன்னாஷின் குழு அந்த ஜீனைக் கண்டுபிடித்தது. 2011இல்தான் அமெரிக்கன் கென்னல் கிளப் அந்த வழி நாய்களுக்கு மீண்டும் கதவைத் திறந்தது. (மனிதர்களின் யூரிக் ஆசிட் அளவிலும் இதே ஜீனுக்குப் பங்கு உண்டு.)

நம் ஊரில் டால்மேஷனைவிட லாப்ரடார்தான் அதிகம். அதற்கு வரக்கூடியது ஒரு பரம்பரைக் கண் நோய். முதலில் மாலை இருட்டில் படியிறங்கத் தயங்கும். போகப்போகப் பார்வையே போய்விடும். குட்டியாக இருக்கும்போது எதுவும் தெரியாது. தாய், தகப்பன் இரண்டும் நன்றாகவே பார்க்கும். ஆனால் இரண்டுமே அந்தக் கோளாறைச் சுமந்தால், பிறக்கும் ஒவ்வொரு குட்டிக்கும் நோய் வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. ஒரு நாய் அந்தக் கோளாறைச் சுமக்கிறதா என்று கண்டுபிடிக்க, அதன் கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தடவி எடுத்து அனுப்பினாலே போதும்.

எல்லாவற்றையும் ஜீன் டெஸ்ட் சொல்லிவிடாது. இடுப்பு மூட்டுக் கோளாறில் பல ஜீன்கள் சேர்ந்து விளையாடுகின்றன. அதற்குப் பெற்றோரின் எக்ஸ்ரேதான் வேண்டும்.

நாம் என்ன செய்கிறோம்? குட்டியின் வம்சாவளிச் சர்டிபிகேட்டில் தாத்தா பேரைப் பார்த்துவிட்டு ஆயிரக்கணக்கில் எண்ணிக் கொடுக்கிறோம். பெண் எடுக்கும்போது அக்கம்பக்கத்தில் விசாரிக்கிற நாம், குட்டி வாங்கும்போது மட்டும் ஏன் கேட்பதில்லை?

ஏற்கெனவே டால்மேஷன் வளர்ப்பவர்கள், யூரிக் ஆசிட்டைக் கூட்டும் ஈரலை ஆசைக்குக்கூட வாங்கிப் போடாதீர்கள்; தண்ணீர்க் கிண்ணத்தைக் காயவிடாதீர்கள். புதிதாகக் குட்டி வாங்கப்போகிறவர்கள், தாய் தகப்பனின் டெஸ்ட் ரிப்போர்ட்டைக் கேளுங்கள். 'அதெல்லாம் தேவையில்லை சார்' என்று விற்பவர் மழுப்பினால், குட்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் வாங்காதீர்கள்.