பிரட்டுக்களத்தில் ஒரு ஜப்பானியக் கூத்து

கொஸ்லந்தைக்கு மேலேயுள்ள தோட்டமொன்றுக்கு அண்மையில் சென்றிருந்தேன். மாலை நேரம். காலையில் தொழிலாளருக்குப் பேர் பதியும் பிரட்டுக்களத்தில் நான்கைந்து இளைஞர்கள் கூடியிருந்தார்கள். ஒருவன் இரு கைகளையும் நிலத்தில் ஊன்றி, கால்களை மெல்லத் தூக்கி, முழு உடலையும் தரைக்குச் சமாந்தரமாக நிறுத்த முயன்றுகொண்டிருந்தான். மற்றொருவன் கையடக்கத் தொலைபேசியில் ஜப்பானிய அனிமே நாயகனொருவனின் படத்தை வைத்துக்கொண்டு, "முழங்கை மடங்குதுடா" என்று திருத்தினான்.

அருகில் நின்ற பெரியவர் என்னிடம் சலித்துக்கொண்டார். "இந்தப் பயலுகளுக்குப் பைத்தியம் தம்பி. கார்ட்டூனப் பாத்து அதே மாதிரி நிக்கப் பாக்குதுக."

பெரியவரின் சலிப்பு எனக்குப் புரிகிறது. ஆனால், கொழும்பு திரும்பியபின் நன்கு படித்த நண்பரொருவரும் இதையே வேறு சொற்களில் சொன்னார். நமது பண்பாடு அழிகிறதாம். ஜப்பானியப் பொம்மைகளின் பின்னால் மலையக இளைஞன் ஓடுகிறானாம். இப்பதிவு அவருக்கான பதில்.

கதை நாயகனின் நிலையை உடலால் எடுத்துக் காட்டுவது நமக்கு எப்போது அந்நியமாயிற்று? மாசி மாதத்தில் காமன் கூத்து ஆடும் தோட்டங்களில் வீரபத்திரன் வேடமிட்டவன் துள்ளிவருவதை என் நண்பர் கண்டதில்லையா? அருச்சுனன் தபசில் உயர்ந்த தபசு மரத்தின் மீதேறிப் பாடுபவனுக்கு எந்த உடற்பயிற்சிக்கூடம் பயிற்சி அளித்தது? பகலெல்லாம் மலையில் உழைத்தவன் இரவில் அருச்சுனனாக நின்றான். இன்று அவனுடைய பேரன் வேறொரு நாயகனாக நிற்க விரும்புகிறான். கதை மாறியிருக்கிறது, ஆசை பழையது.

அந்த ஜப்பானியக் கதைகளும் ஆகாயத்திலிருந்து குதித்தவை அல்ல. 1987 இல் 'ஜோஜோ' தொடரைத் தொடங்கிய ஹிரோஹிக்கோ அராக்கி, தமது பாத்திரங்களின் முறுக்கிய நிலைகளுக்கு இத்தாலியச் சிற்பங்களிலிருந்து உந்துதல் பெற்றவர். கலை இப்படித்தான் கடல் கடக்கும்.

நண்பருக்கு மறந்துபோன இன்னொன்றும் உண்டு. மலையகத்து உடலை இதுவரை அளந்தவை தராசுகளே. இத்தனை கிலோ கொழுந்து பறித்தால் முழுப் பேர். குறைந்தால் அரைப் பேர். ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளாக இந்த உடலின் வலிமை பிறர் கணக்கிலேயே பதியப்பட்டு வந்தது. யாருக்கும் கணக்குக் காட்டாமல், தன் வலிமையைத் தனக்காகவே வளர்க்கும் ஓர் இளைஞனைப் பார்த்தா நாம் சிரிப்பது?

இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. வரைபவனின் பேனாவுக்கு எலும்பு கிடையாது. நீங்கள் முயலும் அந்த நிலையில் உடலின் பாரம் உள்ளங்கைக்கு நேர் மேலே வரவேண்டும்; அதற்குத் தோள்கள் மணிக்கட்டைத் தாண்டி முன்னே சாய வேண்டும். படத்தில் அந்தச் சாய்வு பெரும்பாலும் இருப்பதில்லை. முதலில் சாய்ந்து பழகுங்கள். பின்னர் முழங்காலை மார்போடு ஒடுக்கி எழும்புங்கள். அதன்பின் கால்களை விரித்து, கடைசியில் சேர்த்து நீட்டுங்கள். இதற்கு ஆண்டுகள் ஆகும். தசை விரைவில் வலுக்கும், தசைநாண் மெதுவாகவே வலுக்கும். அவசரப்பட்டவன் மணிக்கட்டைக் கெடுத்துக்கொள்வான். 'ஒன் பஞ்ச் மேன்' நாயகன் நாளாந்தம் நூறு தண்டால் எடுத்து, பத்துக் கிலோமீற்றர் ஓடி வெல்லமுடியாதவன் ஆனது அக்கதையிலேயே ஒரு நகைச்சுவைதான் என்பதையும் மறவாதீர்கள்.

ஆனால் பயிற்சி மட்டும் உடலைக் கட்டாது. 2016 ஆம் ஆண்டின் குடித்தொகை மற்றும் சுகாதார ஆய்வின்படி, இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் வயதுக்கேற்ற உயரமற்றோர் சுமார் 17 வீதம். தோட்டப்புறத்தில் சுமார் 32 வீதம். கோதுமை மா ரொட்டியும் சம்பலும் தின்று வளரும் பிள்ளையின் எலும்பைப் பற்றிக் கவலைப்படாத நாம், அவன் பார்க்கும் படத்தைப் பற்றிக் கவலைப்படுகிறோம்.

சமதரையும் இங்கே அரிது. 2014 ஒக்டோபர் 29 காலை, இதே கொஸ்லந்தைப் பகுதியின் மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. பாடசாலைக்குப் போயிருந்ததால் உயிர் தப்பிய பிள்ளைகள் திரும்பி வந்தபோது வீடு இருக்கவில்லை. சிலருக்குப் பெற்றோரும் இருக்கவில்லை. அந்தப் பிள்ளைகளின் வயதினர் இன்று வாலிபர்கள். காலூன்ற உறுதியான நிலம் கேட்ட சமூகத்தின் பிள்ளைகள், கையூன்றிப் பயில பிரட்டுக்களத்தைத் தவிர வேறு இடம் அறியார்.

தேர்தல் காலத்தில் கிரிக்கெட் மட்டையும் பந்தும் கொண்டு வருகிறவர்கள் கவனிக்கட்டும். தோட்டத்துக்கு ஒரு சமதரை, இரண்டு இரும்புக் கம்பங்கள், குறுக்கே ஒரு கம்பி, வாரம் ஒருமுறை வந்து பிழை திருத்த ஓர் உடற்கல்வி ஆசிரியர். இவற்றுக்குப் பெரும் நிதி தேவையில்லை.

என் நண்பருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை தியலும அருவி பார்க்கப் போகும்போது கொஸ்லந்தையில் இறங்குங்கள். பண்பாட்டைப் பற்றிப் பேச வேண்டாம். அந்தப் பிள்ளைகளுக்கு இரண்டு கிலோ கடலையும் கொஞ்சம் முட்டையும் வாங்கிச் செல்லுங்கள்.