முள் இல்லாமலும் தொண்டை உறுத்துமா?

மீன் முள் தொண்டையில் சிக்கினால் உண்டாகும் வேதனையை அறியாதவர் நம்மில் குறைவு. முள் எதுவும் இன்றியே அதே உறுத்தல் மாதக்கணக்கில் நீடித்தால் என்ன செய்வது? உமிழ்நீரை விழுங்கும்போதும் ஒரு பக்கம் குத்துகிறது. சோற்றுக் கவளம் தயங்கியே இறங்குகிறது. உணவுக்குழாயைச் சோதித்தால் குறையேதும் தென்படவில்லை. இந்நிலையில், "எல்லாம் மனப்பிரமை" என்று வீட்டார் கூறிவிடுவதுண்டு. குறிப்பாகப் பெண்மணிகளே இச்சொல்லுக்கு அதிகம் ஆளாகின்றனர்.

வயிற்று அமிலம் மேலேறுவதும் மன இறுக்கமும் பல நேரங்களில் இவ்வுணர்வுக்குக் காரணமாவது உண்மையே. ஆயினும், அரிதாகச் சிலருக்குக் குரல்வளைக் குருத்தெலும்பின் அமைப்பிலேயே கோளாறு இருக்கக்கூடும்.

கழுத்தின் முன்புறம், குறிப்பாக ஆண்களுக்கு, புடைத்துத் தெரிவது தைராய்டு குருத்தெலும்பு. கேடயம் போன்ற இதன் பின்விளிம்பில், இரு பக்கமும் மேல்நோக்கி ஒவ்வொரு கொம்பு நீண்டிருக்கும். அக்கொம்புகளை நாவடி எலும்புடன் தசைநார்கள் இணைக்கின்றன. நாம் விழுங்கும் ஒவ்வொரு முறையும் குரல்வளை முழுவதும் மேலும் முன்னுமாக எழும்பிப் பின் தாழ்கிறது. கொம்பு உட்புறமாக வளைந்திருந்தால், அது தொண்டையின் பக்கச் சுவரை உள்ளே தள்ளும். விழுங்குகையில் உறுத்தலும் வலியும், சிலருக்குச் 'சொடக்' என்ற ஒலியும் தோன்றுவது இதனால்தான். இவ்வளைவு பிறவியிலேயே அமையலாம். கழுத்தில் பட்ட அடியினாலும் நேரலாம்.

இதனையொத்த மற்றொரு கோளாறு, காதுக்குக் கீழே மண்டையோட்டிலிருந்து இறங்கும் ஊசி போன்ற எலும்பு நீண்டுவிடுவதாகும். இதன் இயல்பான நீளம் ஏறத்தாழ 2.5 சென்டிமீட்டர். இது மிகுந்து தொல்லை தரும் நிலையை 1937ஆம் ஆண்டில் விவரித்தவர் அமெரிக்க மருத்துவர் ஈகிள். ஆகவே, இந்நோய் அவர் பெயராலேயே வழங்குகிறது. இதில் வலி காதுவரை பரவும். தலையைத் திருப்பும்போது மிகும்.

காது மூக்கு தொண்டை மருத்துவர் உள்நோக்கியால் பார்க்கும்போது, தொண்டைச் சுவரில் வழவழப்பான புடைப்பாக வளைந்த கொம்பு தெரியலாம். கழுத்தின் சி.டி. ஸ்கேன் அதனை உறுதிசெய்யும். இவ்வமைப்பு உள்ள அனைவருக்கும் சிகிச்சை தேவையில்லை. தொல்லை மிகுதியாயின், உறுத்தும் பகுதியை அறுவை சிகிச்சையால் அகற்றலாம். குரல்வளைக்குச் செல்லும் நரம்பு அருகிலேயே ஓடுவதால், அனுபவமிக்கவர் கையாலேயே அதனைச் செய்துகொள்ளுதல் நலம்.

வாசகர்கள் ஒன்றை மறத்தலாகாது. விழுங்குவதில் தடை உண்டானால், முதலில் புற்றுநோய் போன்றவை இல்லையென உறுதிசெய்ய வேண்டும். திட உணவில் தொடங்கிய தடை நீர் உணவுக்கும் பரவுதல், எடை குறைதல், 3 வாரத்துக்கு மேல் குரல் கம்முதல், கழுத்தில் கட்டி, எச்சிலில் இரத்தம் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் தாமதிக்கலாகாது. உண்மையிலேயே முள் சிக்கியிருந்தால், சோற்று உருண்டையை விழுங்கி அதனைத் தள்ள முயலாதீர்கள்; முள் மேலும் ஆழமாகத் தைத்துவிடக்கூடும்.

உங்கள் வீட்டில் ஒருவர், "தொண்டையில் ஏதோ இருக்கிறது" என்று திரும்பத் திரும்பச் சொன்னால் அலட்சியம் செய்யாதீர்கள். எந்தப் பக்கம் உறுத்துகிறது, எப்போது மிகுகிறது, முன்பு கழுத்தில் அடிபட்டதுண்டா எனக் கேட்டுக் குறித்துக்கொண்டு மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அரிய நோயைக் கண்டறிய அக்குறிப்பே அவருக்கு வழிகாட்டும்.