பிரேக் கத்தினால் வாயை அடைக்காதீங்க, காரணம் கேளுங்க

லேக் மார்க்கெட் பக்கம் முருங்கைக்காய் வாங்கப் போன இடத்தில் நம்ம ஆட்கள் நாலு பேர் சேர்ந்தால், பேச்சு கடைசியில் கார் பிரேக்கில் வந்து நிற்கும். ஒருத்தர், "கிறீச்னு கத்துது சார், மெக்கானிக் ஒண்ணுமில்லேன்னுட்டான்" என்பார். இன்னொருத்தர், "எனக்கு முன்பக்கம் மொத்தமும் மாத்தணும்னுட்டான்" என்பார். சக்கரத்தைக் கழற்றிப் பார்க்காமல் சொன்னால் இந்த ரெண்டு பதிலும் ஏமாற்று என்பதுதான் என் கட்சி. இதில் பாதிப் பழி பட்டறைக்காரருக்கு. மீதிப் பாதி, காசு கொடுக்கிற கார்க்காரருக்கு.

முதல் பதிலை எடுத்துக்குவோம். "ஓ கிச்சு நா, தாதா." அதொண்ணும் இல்லண்ணே என்று அர்த்தம். (இந்த ஊரில் தாதா என்றால் அண்ணன். பயப்படாதீங்க!) இது அம்பாசடர் காலத்து பதில். உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலை 2014 மே மாதம் நின்று போச்சு. ஆனா அந்த வண்டி பழக்கிவிட்ட காது இன்னும் இந்த ஊரில் இருக்கு. மஞ்சள் டாக்சியாக ஓடின பழைய அம்பாசடர்களில் நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக். டிரம் என்பது மூடின சட்டி மாதிரி. லைனிங் தேயத் தேய தூள் உள்ளேயே தங்கிச் சத்தம் போடும். கழற்றித் துடைத்து, லைனிங்கை உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து, அட்ஜஸ்ட் செய்தால் பல நேரம் அடங்கிடும்.

இன்றைய கார்களில் முன் சக்கரத்தில் இருப்பது டிஸ்க். பல பேடுகளில் ஒரு சின்ன இரும்புத் தகடு வைத்திருப்பார்கள். பேட் தேய்ந்து 2, 3 மி.மீ. அளவுக்கு வந்ததும் அந்தத் தகடு டிஸ்கில் உரசிக் கிறீச்சிடும். கத்துவதற்காகவே வைத்த தகடுங்க அது! அதை மடக்கி விட்டால் சத்தம் நிற்கும், தேய்ந்த பேட் வளராது. பேட் முகத்தில் எண்ணெயோ டபிள்யூடி-40யோ அடித்தாலும் சத்தம் நிற்கும். கூடவே பிரேக்கும் நிற்கும்.

அதுக்காக எல்லாச் சத்தமும் செலவு இல்லை. இந்த ஊர் ஈரத்தில் இரும்பு டிஸ்க் ஒரே ராத்திரியில் துருப்பூத்துவிடும். காலையில் முதல் நாலைந்து பிரேக்குக்குச் சரசரவென்று கேட்டு அப்புறம் அடங்கினால் அது துரு. செலவு சைபர். பூஜா லீவுக்குக் கோரமண்டல் பிடித்து ஊருக்குப் போய் மூணு வாரம் கழித்து வந்தால் இன்னும் கொஞ்ச நேரம் கேட்கும். (போகும்போது ஹேண்ட்பிரேக்கை இழுத்து வைக்காதீங்க, பின்பக்கம் ஒட்டிக்கும். சமதரையில் கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்தால் போதும்.)

மற்றதைக் காதாலேயே ஓரளவு பிரிக்கலாம். பிரேக் மிதித்தால் மட்டும் கீச் என்றால் பேட் தேய்ந்திருக்கலாம், முகம் கண்ணாடி மாதிரி ஆகியிருக்கலாம், கிளிப் தளர்ந்திருக்கலாம். மிதிக்காதபோதும் உரசினால் டிஸ்குக்கும் பின்தகட்டுக்கும் நடுவே கல் மாட்டியிருக்கலாம், இல்லை கேலிப்பர் பின் இறுகியிருக்கலாம். பெடல் காலில் துடித்தால் டிஸ்கின் தடிமன் ஒரே சீராக இல்லை என்று சந்தேகப்படலாம். கரகரவென்று அரைத்தால் பெரும்பாலும் இரும்போடு இரும்பு. அதோட வீட்டுக்கு ஓட்டிட்டுப் போகாதீங்க.

இப்போ ரெண்டாவது பதில். தெரிந்த குடும்பம் ஒன்றுக்கு ஒரு பட்டறையில் பேட், ரெண்டு டிஸ்க் எல்லாம் புதுசு என்று எஸ்டிமேட் போட்டுக் கொடுத்தார்கள். சக்கரம் கழற்றவே இல்லை. வேறொருத்தரிடம் கழற்றிப் பார்த்தால், ஒரு பக்கம் வெளிப் பேட் 8 மி.மீ., உள் பேட் 3 மி.மீ. தான். இப்படி ஒரு பேட் மட்டும் தேய்ந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது கேலிப்பர் நகரும் பின்னை. அங்கே சேறும் காய்ந்த கிரீஸும். டிஸ்கில் குறைந்தபட்சத் தடிமன் பொறித்திருக்கும். அளந்தால் அதற்கு மேலேயே இருந்தது. பின்னைச் சுத்தம் செய்து சிலிக்கான் கிரீஸ் வைத்து (சாதா கிரீஸ் ரப்பரை ஊத வைத்துவிடும்), ரெண்டு பக்கமும் பேட் மாற்றினார். வேலை முடிந்தது. முதல் எஸ்டிமேட்டுக்குத் தலையாட்டியிருந்தால், இறுகின பின் புதுப் பேடையும் அதே மாதிரி தின்றிருக்கும்.

முதல் பட்டறைக்காரர் ஏன் அப்படிச் சொன்னார்? எம்.ஆர்.பி. அச்சடித்த டப்பாவுக்கு யாரும் பேரம் பேசுவதில்லை. ஒரு மணி நேரம் குனிந்து பார்த்த உழைப்புக்கு 300 ரூபாய் கேட்டால், "பார்த்ததுக்கே காசா?" என்று சண்டைக்குப் போகிறார்கள். பார்ப்பதற்குக் காசில்லை, மாற்றினால்தான் காசு என்றால் எவன் பார்ப்பான்? கால்குலேட்டரைப் பிடித்துக்கொண்டு மாதச் சம்பளம் வாங்கும் நமக்கு இது புரியாதா என்ன?

அதனால கேட்க வேண்டியது இவ்வளவுதான். சக்கரத்தை என் முன்னாடி கழற்று. பேட் எத்தனை மி.மீ., டிஸ்க் எத்தனை மி.மீ. என்று சொல். மாற்றினால் பழசை என் கையில் கொடு. பார்த்த கூலியைத் தனியாக எழுது, நான் தருகிறேன்.

இன்னொன்றும் கேளுங்க. பிரேக் தூளைக் காற்றடித்து ஊதச் சொல்லாதீங்க, ஈரத்துணியால் துடைக்கச் சொல்லுங்க. ஆஸ்திரேலியா 2003 கடைசியிலேயே ஆஸ்பெஸ்டாஸை முழுசாகத் தடை செய்தது. அமெரிக்கா கிரைசோடைல் ஆஸ்பெஸ்டாஸுக்கு 2024 மார்ச்சில்தான் தடை போட்டது. இந்தியாவில் முழுத் தடை இன்னும் இல்லை. பழைய லைனிங்கில் என்ன இருக்கு என்று கண்ணால் சொல்ல முடியாது. நாம் ஏசி போட்ட வெயிட்டிங் ரூமில் டீ குடிக்கும்போது, அந்தத் தூளை மூக்கில் வாங்குவது சக்கரத்தடியில் உட்கார்ந்திருக்கும் பையன்தான்.

டிஸ்கி: புதுப் பேட் போட்டதும் வண்டியை நகர்த்தும் முன் பெடலை நாலைந்து தடவை மிதித்து இறுக்கம் வந்ததா பாருங்க. முதல் மிதி தரை வரைக்கும் போகும்.