பழைய நாற்காலிக்கு வருமானச் சான்றா?

நமது மாநகராட்சியின் பழைய பொருள் மையத்தில் ஆதார் நகல், வருமானச் சான்று, புகைப்படம் மூன்றும் கொடுத்தால்தான் இனி ஊரார் கொடுத்த ஒரு பொருளை எடுத்துச் செல்ல முடியும். எதிர்ப்பு கிளம்பிய பிறகும் உத்தரவில் மாற்றமில்லை என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள். காரணம் கேட்டால், சிலர் பொருளை எடுத்துப்போய்க் காயலான் கடையில் போட்டுக் காசாக்கினார்களாம். காசாக்கட்டுமே! கட்டிலைவிட அரிசி அவசரமாக இருந்த வீட்டில் வேறென்ன செய்வார்கள்?

கணக்குப் பார்ப்போம். இ-சேவை மையத்தில் வருமானச் சான்றுக்கு 60 ரூபாய். நகல் எடுக்கவும் பேருந்துக்கும் தனிச் செலவு. அலுவலக நேரத்தில்தான் வரவேண்டும் என்பதால் ஒரு நாள் கூலியும் போச்சு. இத்தனைக்கும் பிறகு கிடைப்பது கால் ஆடும் ஒரு நாற்காலி, கைப்பிடி இல்லாத ஒரு பீரோ, சாயம் போன இரண்டு சேலை. விண்ணப்பத்தில் ‘பொருள் தேவைப்படும் காரணம்’ என்று ஒரு கட்டம் வேறு. தொட்டில் கேட்கிறவர் அதில் என்ன எழுதுவார்?

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். இங்கே மாட்டை வாங்க வந்தவரின் பல்லைப் பிடித்துப் பார்க்கிறார்கள்.

2015-இல் ஈரானின் மஷாத் நகரில் ஒரு சுவரில் ஆணிகள் அடித்துக் குளிராடைகளை மாட்டினார்கள். வேண்டாதவர் வைக்கலாம், வேண்டியவர் எடுக்கலாம். யாரும் பெயர் கேட்கவில்லை. 2017-இல் நெல்லையில் ‘அன்புச் சுவர்’ வந்ததும் அதே எண்ணத்தில்தான். தில்லியில் 1999-இல் தொடங்கிய ‘கூஞ்ச்’ அமைப்பு இன்னும் ஒரு படி மேலே போனது. கிராமத்தார் கிணறு தோண்டினால், பாதை போட்டால், அந்த உழைப்புக்கு ஈடாகத் துணி. வாங்குகிறவர் கையேந்த வேண்டியதில்லை.

நம் நிர்வாகத்துக்கு இதெல்லாம் எட்டாது. 2023 மே மாதம் நகரங்கள்தோறும் மறுபயன்பாட்டு மையங்கள் திறக்க மத்திய அரசு இயக்கம் நடத்தியபோது, இங்கேயும் இந்த மையத்துக்கு நாடா வெட்டினார்கள், பதாகை கட்டினார்கள். அடுத்த மழைக்குக் கூரை ஒழுகி, பிள்ளைகளுக்காகக் கொடுத்த பாடப் புத்தகங்கள் கூழாயின. அப்போது எந்தப் படிவமும் நிரப்பப்படவில்லை. யாரிடமும் விளக்கம் கேட்கவில்லை. நிழல் தராத நிழற்குடைகளைக் கட்டியதும், திறந்த மறுவாரமே பூட்டிய கழிப்பறைகளைக் கட்டியதும் இவர்களே. அந்தக் கணக்குகளுக்கெல்லாம் சான்று கேட்க ஆளில்லை. ஏழை எடுத்துப்போகும் பழைய பாவாடைக்கு மட்டும் மூன்று சான்று!

முறைகேடு நடந்தால் தடுக்கட்டும். வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அதற்கு ஏழையின் முகத்தைப் படம் பிடித்துக் கோப்பில் ஒட்டுவதா வழி? துணியைத் தோய்த்து மடித்து, கட்டிலுக்கு ஆணி அடித்து இத்தனை காலம் மையத்தை நடத்திய தன்னார்வலர்களை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நல்ல யோசனை கிடைத்திருக்கும். இப்போதாவது அவர்களை அழைத்துப் பேசி, மனிதருக்கு மரியாதை தரும் ஒரு முறையைக் கண்டறியட்டும். அதற்கு முன் இந்த உத்தரவைக் கிழித்துப் போடட்டும். பொருளைக் கொடுத்தவர்கள் ஊர் மக்கள். அதற்கு நிபந்தனை போட மாநகராட்சி யார்?