ஒரே நாளில் இரண்டு ஊசி: ஹாஜிகளை அச்சுறுத்தாதீர்கள்

 

ஹஜ் பயணம் நெருங்கும்போது நம் புதுக்கோட்டை மாவட்டத்து ஹாஜிகளும் தடுப்பூசி முகாமுக்கு அழைக்கப்படுகிறார்கள். மெனிஞ்சைடிஸ் எனப்படும் மூளைக்காய்ச்சலுக்கான ஊசியும் போலியோ சொட்டு மருந்தும் அனைவருக்கும் உண்டு. 65 வயதைக் கடந்தவர்களுக்கு இன்ஃப்ளூயன்ஸா எனும் பருவக்காய்ச்சலுக்கான ஊசியும் சேர்கிறது. அப்போதுதான் ஒரு பேச்சு கிளம்புகிறது: "வயதான உடம்பு இரண்டு ஊசியைத் தாங்காது, ஒன்றை மட்டும் போட்டுக்கொள்ளுங்கள், மற்றதைப் பிறகு பார்க்கலாம்."

இப்பேச்சு அன்பினால் பிறப்பதே. ஆயினும் இது தவறானது. நம் பெரியவர்களுக்குத் தீங்கு செய்வது.

முதலில், "பிறகு" என்னும் சொல்லைப் பாருங்கள். கோட்டைப்பட்டினத்திலிருந்தோ அம்மாபட்டினத்திலிருந்தோ முதியவர் ஒருவரைத் துணையோடு மாவட்டத் தலைநகருக்கு அழைத்துச் செல்ல ஒரு நாள் முழுதும் வேண்டும். மகன் வெளிநாட்டில் இருப்பான். மருமகன் கடையை அடைக்க வேண்டும். இந்நிலையில் இரண்டாம் பயணம் நடப்பது அரிது. மூளைக்காய்ச்சல் ஊசியை சவூதி மண்ணில் இறங்குவதற்குக் குறைந்தது 10 நாட்களுக்கு முன் போட்டிருக்க வேண்டும். பருவக்காய்ச்சல் ஊசியின் பாதுகாப்பு உருவாக ஏறத்தாழ இரண்டு வாரங்கள் ஆகும். தள்ளிப்போட்ட ஊசி, பெரும்பாலும் போடாத ஊசியாகவே முடியும்.

அடுத்து, "உடம்பு தாங்காது" என்கிறார்கள். நம் வீட்டுக் குழந்தைக்கு ஒன்றரை மாதத்தில் என்ன நடக்கிறது? போலியோ சொட்டு மருந்து, ரோட்டா வைரஸ் சொட்டு மருந்து, பென்டாவேலன்ட் ஊசி, நிமோனியா தடுப்பூசி, போலியோ ஊசி ஆகிய அனைத்தும் ஒரே நாளில் தரப்படுகின்றன. 2011 டிசம்பரில் தமிழகத்தில் அறிமுகமான பென்டாவேலன்ட் ஊசி ஒன்றிலேயே ஐந்து நோய்களுக்கான மருந்து இருக்கிறது. பேரக்குழந்தைக்கு இவ்வளவையும் போட்டுக்கொண்டு வரும் குடும்பம், பாட்டனாருக்கு இரண்டு ஊசி என்றதும் அஞ்சுவது ஏன்?

அந்த இரண்டு ஊசிகளிலும் உயிருள்ள கிருமி இல்லை. வெவ்வேறு சிரிஞ்சில், வெவ்வேறு கையில் போடப்படுகின்றன. ஒன்று மற்றொன்றின் வேலையைக் கெடுப்பதில்லை. பருவக்காய்ச்சல் ஊசியையும் கொரோனா தடுப்பூசியையும் ஒரே வருகையில் போடலாம் என்று 2021 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனமும் வழிகாட்டியது. முதுமையில் எதிர்ப்புச் சக்தி குறைவது உண்மை. அதனால்தான் முதியவருக்கு இரு பாதுகாப்பும் வேண்டும் என்கிறோம்.

நோயின் வரலாற்றையும் மறவாதீர். 1987 ஹஜ்ஜின்போது ஏ வகை மூளைக்காய்ச்சல் ஹாஜிகளிடையே பரவியது. அதன்பின் தடுப்பூசி கட்டாயமாயிற்று. 2000இல் அன்றைய ஊசிக்குள் அடங்காத டபிள்யூ-135 வகை பரவியது. ஹஜ்ஜிலிருந்து திரும்பியவர்கள் வழியாகப் பல நாடுகளில் அவர்களுடைய வீட்டாரையும் அது பற்றியது. அதன் பிறகே நான்கு வகைகளையும் தடுக்கும் ஊசி கட்டாயமாக்கப்பட்டது. ஆகவே இது ஹாஜி ஒருவரின் உடல்நலத்தோடு நின்றுவிடும் செய்தி அன்று. திரும்பி வந்ததும் அவரைத் தழுவி வரவேற்கும் பேரப்பிள்ளைகளின் நலமும் இதில் அடங்கும்.

"அல்லாஹ்வின் இல்லத்திற்குச் செல்பவருக்கு இத்தனை ஊசி எதற்கு? தவக்குல் போதாதா?" என்று கேட்போரும் உண்டு. கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஷாம் நாட்டில் கொள்ளைநோய் பரவிய செய்தியை ஸர்க் என்னுமிடத்தில் கேட்டு, தோழர்களோடு ஆலோசித்துத் திரும்பினார்கள். இறைவிதியிலிருந்து ஓடுகிறீர்களா என அபூ உபைதா (ரலி) அவர்கள் வினவியபோது, இறைவனின் ஒரு விதியிலிருந்து அவனுடைய மற்றொரு விதியின்பால் செல்வதாக விடையளித்தார்கள். உமரைவிட நம் தவக்குல் உயர்ந்ததா?

ஊசிக்குப் பின் கை வலிக்கலாம்; ஓரிரு நாள் லேசான காய்ச்சலோ உடல்வலியோ வரலாம். முன்பு ஏதேனும் ஊசியால் கடும் ஒவ்வாமை ஏற்பட்டவரும், அன்று கடுங்காய்ச்சலில் இருப்பவரும் மருத்துவரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும். போட்டபின் அரைமணி நேரம் அங்கேயே அமர்ந்திருக்க வேண்டும். முகாமில் இருப்போரும் இவற்றைப் பொறுமையாக விளக்கக் கடமைப்பட்டவர்கள். அவர்கள் பேசாத இடத்தில்தான் வாட்ஸ்அப் பேசுகிறது.

ஆலிம்களே, ஜமாஅத் பொறுப்பாளர்களே! மருத்துவம் அறியாமல் "ஒன்று போதும்" என்று சொல்லி ஒரு முதியவரைத் தடுத்தால், அவருக்கு நேரும் தீங்கிற்கு மறுமையில் நாமும் பதில் சொல்ல வேண்டியிருக்கும். ஜும்ஆவில் முகாம் நாளை அறிவியுங்கள். ஊரிலிருந்து ஒரு வண்டி ஏற்பாடு செய்யுங்கள். பிள்ளைகளே! உங்கள் அத்தாவையும் அம்மாவையும் அழைத்துச் செல்லுங்கள். இரண்டு ஊசியும் போட்டபின் அழைத்து வாருங்கள்.

வல்ல அல்லாஹ் நம் ஹாஜிகளை நலமுடன் அழைத்துச் சென்று, ஏற்றுக்கொள்ளப்பட்ட ஹஜ்ஜுடன் நம்மிடம் திருப்பித் தருவானாக! ஆமீன்.