எந்தக் கார்பனில் அடையாளம்?

நெல் வயலில் தெளித்த களைக்கொல்லி எத்தனை நாளில் மறையும் என்று உழவர் வினவினால், விரிவாக்க ஊழியர் கையேட்டில் கண்ட ஓர் எண்ணைக் கூறுவது வழக்கம். அவ்வெண் எவ்வாறு கிடைத்தது என்று விசாரிப்போர் சிலரே.

மண்ணில் கார்பன் எங்கும் நிறைந்துள்ளது. மருந்திலிருந்து வந்த கார்பனை மட்டும் பிரித்தறிய, 1940-இல் பெர்க்லியில் மார்ட்டின் கேமனும் சாமுவேல் ரூபனும் கண்டறிந்த கார்பன்-14 உதவுகிறது. அதன் அரை ஆயுள் சுமார் 5,730 ஆண்டுகள். ஆகவே சோதனைக் காலத்தில் கதிரியக்கம் குன்றாது. இரசாயன அறிஞர்கள் பெரும்பாலும் கதிரியக்க பேரியம் கார்பனேட்டிலிருந்து தொடங்குகின்றனர். அதனின்று வெளிப்படும் கரியமில வாயுவைக் கிரின்யார்டு வினைப்பொருளுடன் சேர்த்தால், அடையாளமிட்ட கார்பாக்சிலிக் அமிலம் கிடைத்துவிடும். பென்சீன் வளையத்திற்கே அடையாளமிட வேண்டுமாயின், முதலில் அசிட்டிலீன் தயாரித்து, அதன் மூன்று மூலக்கூறுகளை இணைத்து வளையமாக்கி, அதன்மேல் இன்னும் பல படிகள் ஏற வேண்டும். ஒவ்வொரு படியிலும் விலையுயர்ந்த சரக்கு சிறிது வீணாகும்.

இதனால், எளிதில் இடத்தக்க அடையாளமே போதுமென்று அமைந்துவிடும் மனப்பான்மை தோன்றக்கூடும். அது தவறு. 2,4-டி என்ற பழைய களைக்கொல்லியின் மூலக்கூறில் 8 கார்பன் அணுக்கள் உள்ளன: வளையத்தில் 6, பக்கச் சங்கிலியில் 2. மண்ணிலுள்ள பாக்டீரியாக்கள் முதலில் சங்கிலியை அறுக்கின்றன. குளோரின் ஏறிய ஃபீனால் எஞ்சுகிறது. வளையம் உடைவது அதற்குப் பின்னரே. சங்கிலியில் அடையாளமிட்டவர், கதிரியக்கம் கரியமில வாயுவாக வெளியேறுவதைக் கண்டு மருந்து அழிந்ததென்று எழுதிவிடலாம். எஞ்சிய ஃபீனால் அவருடைய கருவிக்குப் புலப்படாது. வளையத்தில் அடையாளமிட்டவருக்கே மீதிக் கதை தெரியும். அவருக்கும் ஓர் எச்சரிக்கை உண்டு: மண்ணில் தங்கிய கதிரியக்கம் அனைத்தும் நஞ்சு அன்று, ஒரு பகுதி நுண்ணுயிர்களின் உடலாகவும் மக்காகவும் மாறியிருக்கக்கூடும்.

அண்மை ஆண்டுகளில், தயாரித்து முடித்த மூலக்கூறிலேயே கார்பாக்சில் கார்பனை மட்டும் எடுத்து வேறொன்றைப் பொருத்தும் முறைகள் வந்துள்ளன. செலவு குறைவதால் அவை வரவேற்கத் தக்கவையே. ஆயினும் 2,4-டி போன்றவற்றில் அவை அடையாளமிடுவது, வளையம் உடையுமுன்னரே கழன்றுவிடும் கார்பனுக்குத்தான்.

பாலக்காடு மாவட்டத்துப் பெருமாட்டி ஊராட்சியைச் சேர்ந்த பிளாச்சிமடையில், ஒரு மென்பான ஆலை உரமென்று உழவர்க்கு அளித்த கசடில் காட்மியமும் ஈயமும் இருப்பதாக 2003-இல் செய்தி வெளியாயிற்று. அவ்வூர் மக்களுக்குக் கேள்வி கேட்பதைக் கற்றுத்தர வேண்டியதில்லை. ஆனால் காட்மியம் தனிமம், மண்ணில் அது சிதைந்து வேறு பொருளாகாது, அளந்தால் அகப்படும். கரிமச் சேர்மமோ உருமாறி நழுவிவிடும். அத்தகைய ஊரில், மறைந்துவிட்டது என்ற சொல்லை அளந்தே வழங்க வேண்டும். அடையாளம் எந்த அணுவில் இருந்தது என்று தெரியாத எண்ணை, கிணற்று நீர் பருகுவோரிடம் உறுதிமொழியாகக் கூறுவது முறையன்று.

பள்ளியில் இதனை விளக்கக் கருவி ஏதும் தேவையில்லை. ஆசிரியர் கரும்பலகையில் 2,4-டியின் அமைப்பை வரைந்து, ஒரு கார்பனை மட்டும் சிவப்புச் சுண்ணக்கட்டியால் குறித்து, சங்கிலி அறுந்தபின் சிவப்பு எங்கே இருக்கும் என்று மாணவரைக் கேட்கலாம். பிறகு வேறொரு கார்பனைக் குறித்து, அதே கேள்வியை மறுபடியும் கேட்கலாம்.