ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு



ஞாயிற்றுக்கிழமையில் நாம் எல்லாரும் நல்லவர்கள்தாம். வெள்ளைச் சட்டை போட்டு, வேதாகமத்தைக் கையில் பிடித்து, பிள்ளைகுட்டிகளோடு தேவாலயத்துக்குப் போகிறோம். இந்து அன்பர்கள் வெள்ளிக்கிழமை குளித்து முழுகி, விபூதி பூசிக் கோயிலுக்குப் போகிறார்கள். அங்கே யாரும் யாரையும் ஏமாற்றுவதில்லை. திங்கட்கிழமை விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடுகிறார்களே, அப்போதுதான் நமக்குள் இருக்கும் உண்மையான மனிதன் எழுந்து நிற்கிறான். அவன் எப்படிப்பட்டவன் என்பதைப் பற்றித்தான் இந்த மாதம் உங்களோடு பேசப்போகிறேன்.

நான் கிறிஸ்தவன். ஆகவே வேலைத்தலத்தில் கிறிஸ்தவனுக்குள்ள கடமையைப் பற்றித்தான் எழுத எனக்குத் தெரியும். அதற்காக மற்றச் சமயத்து அன்பர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். தராசுக்குச் சமயம் கிடையாது அல்லவா?

சில மாதங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை மாலை, என் பழைய மாணவர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். என்னிடம் வாய்ப்பாடு படித்தவர். இப்போது ஒரு செம்பனைத் தோட்டத்தில் மண்டோர். சபையிலும் பொறுப்பானவர், ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறார். என் மனைவி கொடுத்த காப்பி ஆறிக்கொண்டிருந்தது. அவர் தொடவே இல்லை.

"சார், உங்ககிட்ட ஒரு கணக்குச் சொல்லணும்" என்றார்.

கணக்கு இதுதான். குலை வெட்டுகிறவர்கள், வெட்டிய குலையின் காம்பில் தங்கள் நம்பரை எழுதிச் சாலையோரத்தில் அடுக்கி வைப்பார்கள். மண்டோர் அதை எண்ணிப் புத்தகத்தில் பதிவார். அந்த எண்ணிக்கையை வைத்துத்தான் கூலி. இவருக்குக் கீழே வெட்டுகிற 8 பேரும் வங்காளதேசத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்தவர்கள். இவருக்கு மேலே இருப்பவர் ஒருநாள் இவர் தோளில் கையைப் போட்டுச் சொல்லியிருக்கிறார்: "ஆளுக்குப் பத்துக் குலையைக் குறைச்சு எழுது. அதை நான் சொல்ற பேர்ல ஏத்திடு. வாரத்துக்கு உனக்கு அம்பது வெள்ளி. அவனுங்களுக்குக் கணக்கும் தெரியாது, கேட்கப் பாஷையும் தெரியாது."

மூன்று மாதமாக எழுதியிருக்கிறார்.

"வாங்குன காச என்னப்பா செஞ்ச?" என்று கேட்டேன்.

"பிள்ளைக்கு டியூஷன் கட்டினேன் சார்" என்றவர், சற்று நேரம் தரையைப் பார்த்துவிட்டு, "அதுல தசமபாகமும் எடுத்துச் சபைக்குக் கொடுத்தேன்" என்றார்.

அந்தக் கடைசிச் சொல்லைக் கேட்டதும் எனக்கு அவரைக் கடிந்துகொள்ள வேண்டும் என்றுதான் தோன்றியது. ஆனால் வாய் வரவில்லை. காரணத்தையும் உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

2009-ஆம் ஆண்டில் பக்கத்துப் பட்டணத்தில் ஒரு நற்செய்திக் கூட்டம் நடந்தது. விடுப்புக் கேட்டால் கிடைக்காது என்று, காய்ச்சல் என்று பொய் சொல்லி எம்.சி. வாங்கிக்கொண்டு இரண்டு நாள் போய்விட்டேன். அங்கே பாடினேன், கை தட்டினேன், கண்ணீர்விட்டு ஜெபித்தேன். என் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளோ அந்த இரண்டு நாளும் வேறொரு வகுப்பின் கடைசி வரிசையில் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். நான் திரும்பி வந்த அன்று, பள்ளி வாசலில் ஒரு தகப்பனார் நின்றார். பால்மரம் வெட்டுகிறவர், முருக பக்தர். "ஐயா, சாமி கும்பிடப் போயிருந்தீங்களாமே. எங்க பிள்ளைக்கும் சேர்த்துக் கும்பிட்டீங்களா?" என்று கேட்டார்.

அவர் கிண்டலாகக் கேட்கவில்லை. மனதாரத்தான் கேட்டார். அதனால்தான் எனக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவர் பிள்ளையின் இரண்டு நாளைத் திருடிக்கொண்டல்லவா நான் ஆண்டவரிடம் போனேன்! திருடிய நேரத்தில் செய்த ஜெபமும், திருடிய காசில் கொடுத்த தசமபாகமும் ஒரே தராசில் நிற்பவைதாமே.

இப்போது என் தகப்பனாரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவர் 1980-களில் பால்மரம் வெட்டினார். ரப்பர்ப் பாலில் 100-க்கு ஏறக்குறைய 30 முதல் 40 பங்குதான் ரப்பர். மிச்சத்தில் பெரும்பகுதி தண்ணீர். வாளியில் கொஞ்சம் தண்ணீரைக் கலந்தால் எடை கூடும். இதைக் கண்டுபிடிக்கத்தான் ஸ்டோரில் மெட்ரோலாக் என்ற கருவியைப் பாலில் மிதக்கவிட்டுப் பார்ப்பார்கள். ஆனால் அந்தக் கருவியைப் படிக்கிற கண்ணும், தராசைப் பிடிக்கிற கையும் மனிதனுடையவைதாமே! வெட்டுகிறவன் தண்ணீர் கலப்பான். நிறுக்கிறவன் எடையைக் குறைப்பான். இருவரும் ஒருவரையொருவர் திட்டிக்கொள்வார்கள்.

ஒருநாள் நிறுக்கிறவர் கைதவறி 2 கிலோ கூடுதலாக எழுதிவிட்டார். என் தகப்பனார் அதைச் சொல்லித் திருத்தச் சொன்னார். லயத்தில் அன்று இரவெல்லாம் அவரைத்தான் திட்டினார்கள். "அவன் நம்மள ஏமாத்துறான், நீ என்ன மவராசனா?" என்று கேட்டார்கள். அவர் சொன்ன பதில் ஒன்றுதான்: "அவன் கணக்கு அவனோட. என் கணக்க நான்தான் சொல்லணும்."

ஆனால் பின்னொரு நாள் எடை குறைத்து எழுதப்பட்டபோது, அவர் "இது தப்பு" என்று ஒரு வார்த்தைதான் சொன்னார். தராசை மறுபடியும் தூக்கினார்கள். மற்றவர்கள் கத்தினாலும் நடக்காத காரியம் அது. கூடுதலாக எழுதியதைத் திருத்தச் சொன்ன வாய்க்குத்தான், குறைத்து எழுதியதைக் கேட்கும் பலம் உண்டு.

வாசகர்களே, நாம் யாருடைய பேரப்பிள்ளைகள் என்பதையும் சற்றே நினைத்துப் பாருங்கள். 1938-ஆம் ஆண்டு இந்திய அரசாங்கம் தொழிலாளர்களை மலாயாவுக்கு அனுப்புவதை நிறுத்தும்வரை, கங்காணிகள் ஊரூராகப் போய் ஆள் சேர்த்தார்கள். வேலைக்கு இறங்கும் ஆள் ஒவ்வொருவருக்கும் கங்காணிக்குத் தலைக்காசு உண்டு. எழுதப் படிக்கத் தெரியாத நம் முன்னோர் பலர், செக்ரோலில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலேயே கைரேகை வைத்தார்கள். அன்று அவர்கள் நின்ற இடத்தில், இன்று ஒரு வங்காளதேசத்துப் பையன் நிற்கிறான். புத்தகமும் பேனாவும் மட்டும் நம் கைக்கு மாறியிருக்கின்றன.

மோசேயின் நியாயப்பிரமாணத்தில் அந்நியனை ஒடுக்கக் கூடாது என்று கட்டளை இருக்கிறது. அதற்குக் கூறப்படும் காரணம், நீங்களும் எகிப்தில் அந்நியராக இருந்தவர்களாயிற்றே என்பதுதான். பையில் பெரிய படிக்கல் ஒன்றும் சிறிய படிக்கல் ஒன்றும் வைத்திருப்பதையும் அதே பிரமாணம் கண்டிக்கிறது. தோட்டத்தில் பிறந்த நமக்கு இதற்கு வேறு வியாக்கியானம் வேண்டுமா?

"அப்படியானால் வேலையை விட்டுவிட வேண்டுமா?" என்று என் மாணவர் கேட்டார். லூக்கா சுவிசேஷத்தின் மூன்றாம் அதிகாரத்தை எடுத்து வாசிக்கச் சொன்னேன். யோர்தான் நதிக்கரையில் யோவான் ஸ்நானனிடம் ஆயக்காரரும் போர்ச்சேவகரும் வந்து, நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறார்கள். ஊரே வெறுத்த உத்தியோகங்கள் அவை. யோவான் அவர்களை உத்தியோகத்தை விட்டுவிட்டு வனாந்தரத்துக்கு வரச் சொல்லவில்லை. ஆயக்காரர் விதித்ததற்கு மேல் வாங்கக் கூடாது. சேவகர் யாரையும் மிரட்டிப் பறிக்காமல் தங்கள் சம்பளம் போதும் என்று இருக்க வேண்டும். அவ்வளவுதான். பவுல் அப்போஸ்தலன்கூடக் கொரிந்து பட்டணத்தில் கூடாரம் செய்யும் தொழில் செய்துதான் சாப்பிட்டார். அவர் தையல் நேராக இல்லாமல் கூடாரம் ஒழுகியிருந்தால், அவருடைய பிரசங்கத்தை யார் கேட்டிருப்பார்கள்?

வேலை நேரத்தில் வேதம் பேசுவதும், துண்டுப் பிரசுரம் கொடுப்பதும்தான் சாட்சி என்று சிலர் நினைக்கிறார்கள். அந்த நேரத்துக்குக் கூலி வாங்குகிறோம் என்பதை மறந்துவிடுகிறார்கள். யாரும் பார்க்காத இடத்தில், புல்லுக்குள் கிடக்கும் உதிரிப் பழத்தையும் குனிந்து பொறுக்குகிறவர்தான் என் கண்ணுக்குப் பெரிய சாட்சிக்காரர். குலையிலிருந்து தானாக உதிரும் பழுத்த பழத்தில்தான் எண்ணெய் மிகுதி என்பது உங்களுக்குத் தெரியாததல்ல.

நான் என் மாணவரிடம் சொன்னவை இவை. உங்களில் யாருக்காவது பயன்படலாம் என்று எழுதுகிறேன்.

முதலாவது, வீட்டுக்காரியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடு. வருமானம் குறையலாம், வேலையே போகலாம். அந்தக் கஷ்டத்தில் பாதியைச் சுமக்கப் போகிறவள் அவள். அவளுக்குத் தெரியாமல் உத்தமனாக இருக்காதே.

இரண்டாவது, மேலே இருப்பவரிடம் தனியாகப் போய், இனிமேல் என்னால் முடியாது என்று மரியாதையாகச் சொல். பிரசங்கம் செய்யாதே. திங்கட்கிழமை முதல், வெட்டினவரைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு எண்ணு. எண்ணிக்கையை அவரிடமும் காட்டு.

மூன்றாவது, வாங்கியதைத் திருப்பிக் கொடு. சகேயுவின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவன் நீ. அவன் மனம் மாறியதும் முதலில் தொட்டது தன் பணப்பையைத்தான்.

நான்காவது, நிர்வாகியிடம் எழுத்து மூலம் தெரிவி. அங்கே நியாயம் கிடைக்காவிட்டால் தொழிலாளர் இலாகா இருக்கிறது. 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டப்படி, சம்பளக் காலம் முடிந்து 7 நாளுக்குள் கூலி கொடுத்தாக வேண்டும். சட்டம் அனுமதிக்காத எதையும் அதில் பிடிக்கக் கூடாது. சம்பளக் கணக்கின் விவரத்தையும் தொழிலாளியிடம் கொடுக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து முறையாக வந்து வேலை செய்கிறவருக்கும் இது பொருந்தும்.

காப்பியைக் குடிக்காமலேயே போனார். இரண்டு மாதம் கழித்துத்தான் மறுபடியும் வந்தார்.

நடந்தது அதிசயம் ஒன்றுமில்லை. எண்ணிக்கை வேலையை அவரிடமிருந்து எடுத்துவிட்டு, உரம் போடும் பிரிவுக்கு அனுப்பிவிட்டார்கள். மண்டோர் படியும் போயிற்று. அவர் மனைவி மட்டும், "அந்த அம்பது வெள்ளி வர்றதுக்கு முன்னாடியும் நாம சோறுதானே சாப்பிட்டோம்" என்று சொல்லித் தன் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்திருக்கிறார். அதை அடகு வைத்து 600 வெள்ளி புரட்டி, ஆளுக்கு 75 வெள்ளியாகப் பிரித்துக்கொண்டு, அந்த எட்டுப் பேரும் தங்கியிருக்கும் வீட்டுக்குப் போயிருக்கிறார். "சகேயு மாதிரி நாலு மடங்கு கொடுக்க முடியல சார். ஒரு மடங்குதான் முடிஞ்சது" என்றார். அதுவும் அவர் வாங்கிய பங்குதான். அவர்கள் இழந்ததில் பெரும்பகுதி இன்னும் மேலே இருப்பவரிடம் இருக்கிறது.

பணத்தைக் கொடுத்து மன்னிப்புக் கேட்டபோது, ஒரு வங்காளதேசத்துப் பையன் அவரை உள்ளே கூட்டிக்கொண்டு போனானாம். அறைக் கதவைச் சாத்தி, அதன் பின்புறத்தைக் காட்டினான். கரியால் கோடு கோடாகக் கிழித்திருந்தது. ஒவ்வொரு நாளும் அவன் வெட்டிய குலைகள் ஒரு வரிசை. அவனுக்கு எழுதப்பட்ட குலைகள் இன்னொரு வரிசை. மூன்று மாதக் கணக்கும் அதில் இருந்தது. என் மாணவர் மறைத்த குலைகளில் ஒன்றுகூடத் தப்பவில்லை.

"தெரிஞ்சிருந்தும் ஏன் கேட்கல?" என்று இவர் மலாயில் கேட்டிருக்கிறார்.

"யாரிடம் கேட்பது?" என்றானாம் அவன்.

வாசகர்களே, அவனுக்குக் கணக்குத் தெரியாது என்று நினைத்தார்கள். அவனுக்குத் தெரிந்திருந்தது. கழுத்தில் சிலுவை போட்ட மண்டோரைப் பற்றியும், அந்த மண்டோர் கும்பிடும் ஆண்டவரைப் பற்றியும் அவன் மூன்று மாதமாக ஒரு கதவுக்குப் பின்னால் கணக்கு எழுதிக்கொண்டுதான் இருந்திருக்கிறான். அவனுக்கு வேதாகமம் படிக்கத் தெரியாது. அவன் படித்த வேதாகமம் இவருடைய எண்ணிக்கைப் புத்தகம் ஒன்றுதான்.

நிர்வாகத்துக்கு எழுதிய கடிதத்துக்கு இதுவரை பதில் இல்லை. அடுத்த வாரம் தொழிலாளர் இலாகாவுக்குப் போகிறோம். நானும் கூடப் போகிறேன். இந்த முறை முறையாக விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன். டியூஷன் நின்றுபோன பிள்ளை, இப்போது சனிக்கிழமைதோறும் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து படிக்கிறாள். 2009-ஆம் ஆண்டில் நான் எடுத்துக்கொண்ட இரண்டு நாளுக்கு, வட்டியாவது கட்டலாம் அல்லவா?

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்று நம் பெரியவர்கள் சொல்லிவைத்தார்கள். ஆற்றில் போடுவதற்கே அளவு வேண்டுமென்றால், அடுத்தவன் சட்டியில் போடுவதற்கு எவ்வளவு வேண்டும்! நாளை காலை நீங்கள் பேனாவையோ, தராசையோ, உளியையோ கையில் எடுக்கும்போது, எங்கோ ஒரு கதவுக்குப் பின்னால் இருக்கும் கரிக்கோடுகளை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள்.